பட்டத்து ராணியின் பிள்ளை

இரண்டு வருடங்கள் நான் ராணியாக இருந்தேன். காலை பத்து மணிக்கு ராணியாவேன். மதியம் வீட்டுக்காரர் உப்பளத்திலிருந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, கடையில் உட்கார வரும்போது மறுபடியும் மருமகளாகிவிடுவேன். கேட்டால் சிரிப்பு வரும். வரட்டும். ஆரம்பத்தில் எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது.

மரக்காணத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் சாலையில், சைக்கிள் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் எங்கள் பிரவுசிங் சென்டர். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், போன் லைனில் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு வரும் இன்டர்நெட். அந்த ஊர்க் காற்றுக்கு எதையும் உருப்படியாக விடத் தெரியாது. உப்பு ஸ்க்ரூவைத் தின்றுவிடும், கீபோர்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு எழுத்தை அழுத்தினால் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. வீட்டுக்காரர் குடும்பத்துக்கு உப்பளத்தில் குத்தகைப் பாத்திகள் இருந்தன. விடிவதற்கு முன்பே அங்கே போய்விடுவார். நான் திண்டிவனம் பக்கத்துப் பெண், பி.ஏ. படித்தவள், டைப்பிங் தெரிந்தவள் என்பதால் காலை நேரத்தில் கடை என் பொறுப்பு. அத்தைக்கு இதில் பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு. வெளியாட்களிடம், "எங்க மருமவ கம்ப்யூட்டர்ல ஒக்காந்துருக்கா" என்பார். வீட்டுக்குள், "ஒக்காந்தே இருக்கா" என்பார்.

காலையில் கூட்டம் வராது. பரீட்சை ரிசல்ட் பார்க்க வருபவர்கள், துபாயில் இருக்கும் அண்ணனுக்கு மெயில் போட வருபவர்கள், ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்து, இங்கே ஜெராக்ஸ் இல்லை என்று தெரிந்ததும் என்னை முறைத்துவிட்டுப் போகிறவர்கள். மற்ற நேரமெல்லாம் நானும் மூன்று கம்ப்யூட்டரும்தான். அப்படி வெட்டியாக இருந்த ஒரு நாளில்தான், 2004-ஆம் வருடத் தொடக்கத்தில், மெயில் வழியாகவே கூடிப் பேசிக்கொள்ளும் அந்த மடற்குழுவைக் கண்டுபிடித்தேன்.

எங்கள் அப்பா வீட்டில் ஒரு சரித்திரத் தொடர்கதை இருந்தது. ஏதோ ஒரு வாரப் பத்திரிகையில் வந்ததை யாரோ பக்கம் பக்கமாகக் கிழித்து, தைத்து, கெட்டி அட்டை போட்டு வைத்திருந்தார்கள். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியும். மலை மேல் ஒரு கோட்டை. போருக்குப் போய்த் திரும்பாத ராஜா. கோட்டையைச் சுற்றி எதிரியின் முற்றுகை. உள்ளே பட்டத்து ராணி, அவளுடைய எட்டு வயது மகன். முற்றுகை நடக்கும்போது அந்தப் பையன் காய்ச்சலில் செத்துப்போவான். ராணி அழ மாட்டாள். அழுதால் வீரர்களுக்கு மனம் விட்டுப்போகும் என்று, நகையெல்லாம் பூட்டிக்கொண்டு மதில் மேல் ஏறி எல்லோரும் பார்க்கும்படி நிற்பாள். கதையில் எல்லோருக்கும் பிடித்த இடம் அதுதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் நான் தலை நிமிர்ந்து நடந்தேன். சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்தபோதுகூட அழவில்லை, ராணியாம்.

மடற்குழுவில் இருந்தவர்கள் அந்தக் கதையையே நடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம். மந்திரியாக ஒருவர், சேனாதிபதியாக ஒருவர், ஒற்றனாக, தோழியாக, எதிரி அரசனாக என்று ஆளாளுக்கு எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரம் பேசுவதுபோலவே மடல் எழுதுவார்கள். அடுத்தவர் பதில் எழுதுவார். கதை அப்படியே நகரும். சிங்கப்பூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் சென்னையிலிருந்தும் எழுதினார்கள். ராணிக்கு ஆள் இல்லாமலிருந்தது. மாதிரிக்கு ஒரு மடல் எழுதி அனுப்பச் சொன்னார்கள். தோழியைத் திட்டுவதுபோல ஒன்று எழுதினேன். அத்தையை மனதில் வைத்துக்கொண்டு எழுதியதால் நன்றாக வந்துவிட்டது. எனக்கே கொடுத்தார்கள்.

விதிகள் கறாரானவை. மூலக் கதைக்கு மாறாக எழுதக் கூடாது. ஆனால் மூலத்தில் இருக்கும் இடைவெளிகளில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். கதாசிரியர் 'மறுநாள்' என்று தாண்டிப் போன இடத்தில் நாங்கள் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதுவோம். ஒருவருக்கு ஒரு பாத்திரம்தான். உங்கள் பாத்திரம் கதையில் செத்தால்தான் வேறு பாத்திரத்துக்கு மனுப் போடலாம். சொந்த விஷயம் ஏதாவது சொல்லவேண்டுமென்றால் இரட்டை அடைப்புக்குறிக்குள் சொல்ல வேண்டும். பல்வலி, பரீட்சை, மகளுக்கு வரன் எல்லாம் அடைப்புக்குறிக்குள். வெளியே வந்தால் நீங்கள் ராணி, அவர் மந்திரி. யாராவது சில நாள் வரவில்லையென்றால் அந்தப் பாத்திரம் நோன்பிருக்கிறது என்று எழுதிச் சமாளிப்போம். இதையெல்லாம் கவனிக்க ஒரு மட்டுறுத்துனர் இருந்தார். வெளிநாட்டில் இருந்த பெண்மணி, மிகவும் மரியாதையானவர், மூலத்தை வரி வரியாகத் தெரிந்தவர்.

வீட்டிலும் நான் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் ஒருநாள் வீட்டுக்காரர் கேட்டார். "இன்னா, நாள் பூரா மூலம் மூலம்னே கீற? வைத்தியம் கைத்தியம் பாக்கணுமா?" அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். அவர் கெட்டவர் இல்லை. அதிகம் பேசாதவர், அவ்வளவுதான்.

என் மகனாக, அந்த எட்டு வயது இளவரசனாக எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. பெயரெல்லாம் யாரும் போடுவதில்லை. ஆனால் நன்றாக எழுதுவார். "அம்மா, யானை ஏன் நின்றுகொண்டே ஆடுகிறது? அதற்குத் தூக்கம் வராதா?" என்று கேட்டு வரும். நான் பதில் எழுதுவேன். "அம்மா, அப்பா எப்போது வருவார்?" என்று வரும். அதற்கும் எழுதுவேன். அந்த வருடம் சித்திரையில் நான் உண்டானேன். காலையில் வாந்தி எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து, திரையில் இருக்கும் பிள்ளைக்குப் பதில் எழுதுவேன், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். யானையைப் பற்றி இவனும் ஒருநாள் கேட்பான், அதற்கு இப்போதே பதில் தயாராக இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. எங்கள் வீடு சாலைக்கு மேற்கே, ஒன்றும் ஆகவில்லை. குப்பங்களில் இருந்தவர்கள் நனைந்த துணியோடு ஓடி வந்து பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் தங்கினார்கள். எக்கியார்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து எங்கள் வீட்டில் கொடுக்கும் அம்மா தன் மகளைத் தேடிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தார். மகள் கிடைக்கவில்லை. பாத்திகளில் சேறு ஏறிவிட்டது என்று வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய் மெயிலைத் திறந்தால், அடைப்புக்குறி அடைப்புக்குறியாக வந்து குவிந்திருந்தது. ((சகோதரி, நலமா?)) ((ராணி, ஒரு வார்த்தை எழுதுங்கள்.)) நலம் என்று எழுதினேன். அதற்குப் பிறகு பல நாள் யாரும் ராணியோடு சண்டையே போடவில்லை. மந்திரிகூடத் தழைந்து தழைந்து பேசினார். எனக்கு எரிச்சலாக வந்தது. பரிதாபப்பட்டால் ஆட்டம் போய்விடும் என்பதை அப்போது தெரிந்துகொண்டேன்.

தை மாதம் பிறந்தான். புதுச்சேரி ஆஸ்பத்திரியில். ஒரு பகல் இருந்தான். ஒரே ஒரு முறை கொண்டுவந்து காட்டினார்கள். தலை நிறைய முடி. சாயங்காலம் வீட்டுக்காரரும் அவருடைய சித்தப்பாவும் அவனை ஒரு புதுத் துண்டில் வாங்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் போகிற வழக்கம் இல்லை, அதிலும் பெற்றவள் போகவே கூடாது. எங்கே வைத்தார்கள் என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

"அதெல்லாம் ஒனக்கு எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர். குரல் உடைந்திருந்தது. கழுவெளிப் பக்கம் என்று மட்டும் சித்தப்பா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கழுவெளி எவ்வளவு பெரிய ஏரி என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்.

பால் கட்டிக்கொண்டது. பால் வற்றுவதற்கு மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார்கள். அந்த வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது, கல்யாண வீட்டில் பூ கொடுத்தால் வாங்கிப் பைக்குள் போட்டுவிடுவேன். ஒரு தடவை வாய்விட்டு அழ ஆரம்பித்தேன். அத்தை ஓடி வந்து என் வாயைப் பொத்தினார். அடிக்கிற மாதிரி இல்லை, பயந்துபோய்ப் பொத்தினார்.

"வேணாம்மா. பேர் வெக்காத புள்ளைக்கு அழக் கூடாது. அழுதா அதுக்குப் போற வழி தெரியாது. சுத்திச் சுத்தி இங்கியே நிக்கும். அடுத்தது தங்காது."

"அவன் இங்கியே நின்னா நிக்கட்டும் அத்தை."

"அப்டிச் சொல்லாதம்மா" என்று அவர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் இரண்டு போயிருந்தது என்று பிறகு தெரிந்தது. அவரும் அழவில்லையாம்.

பெரியவர்கள் செத்தால் எங்கள் பக்கம் தெருவே அழும். மாரடிப்பார்கள், பாட்டுக் கட்டுவார்கள், பறை வரும். என் பிள்ளைக்குப் பதினாறும் இல்லை, பந்தலும் இல்லை. அதுவும் அந்தத் தை மாதத்தில். குப்பங்களில் பேர் வைத்து, பள்ளிக்கூடம் அனுப்பி, வளர்த்து ஆளாக்கிய பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பகல் இருந்தவனைப் பற்றி நான் யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லவில்லை. துக்கத்திலும் ஒரு வரிசை இருந்தது, அந்த வரிசையில் எனக்கு இடமில்லை.

உடம்பு தேறியதும் கடைக்குப் போனேன். நான் பிரசவத்துக்குப் போகிறேன் என்று குழுவில் சொல்லியிருக்கவில்லை. ராணி நோன்பிருக்கிறாள் என்று வழக்கம்போல எழுதியிருந்தார்கள். இளவரசன் மட்டும் மடல் மேல் மடலாக எழுதியிருந்தான். "அம்மா, நோன்பு எப்போது முடியும்?" "அம்மா, கதவைத் திற. நான்தான்." "அம்மா, நான் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே விடு." கடையில் யாரும் இல்லை. கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். பிறகு எழுதினேன். "நோன்பு முடிந்துவிட்டது, கண்ணே. உள்ளே வா."

அன்றையிலிருந்து அவனுக்காகத்தான் எழுந்தேன், அவனுக்காகத்தான் சாப்பிட்டேன். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. காலையில் இட்லியைப் பிட்டு வாயில் போடும்போது, பத்து மணிக்கு அவன் ஏதாவது கேட்டிருப்பான் என்ற நினைப்பில்தான் அது தொண்டையில் இறங்கும். வேறு எதற்காகவும் இறங்கியிருக்காது. பைத்தியம் என்று நீங்கள் சொல்லலாம். நானே சொல்லிக்கொண்டேன்.

அவன் சாகப்போகிறான் என்று தெரியும். மூலத்தில் அந்த அத்தியாயம் வருவதற்கு முன்பு, 'முற்றுகை மாதக்கணக்கில் நீடித்தது' என்று ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரிக்குள் நான் குடியேறினேன். பையனுக்கு வில்வித்தை கற்றுக்கொடுத்தேன். அவனுக்குப் பல் விழுந்தது, அதற்கு ஒரு வாரம். யானைக்குட்டிக்குப் பெயர் வைத்தோம், அதற்கு ஒரு மாதம். கோட்டைக்குள் தானியம் தீராமல் பார்த்துக்கொண்டேன். தண்ணீர் கெட்டுத்தான் காய்ச்சல் வரும் என்பதால், ஒரு புதுக் கிணறு தோண்டச் சொல்லி உத்தரவு போட்டேன். மறுநாளே மட்டுறுத்துனர் எழுதினார். ((சகோதரி, மூலத்தில் கிணறு இல்லை. கிணற்றை மூடிவிடுங்கள்.)) மூடினேன். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தேன். எதிரி அரசனாக எழுதியவர் கொட்டாவி விட ஆரம்பித்தார். அவர் படையோடு வெளியே எவ்வளவு காலம்தான் நிற்பார், பாவம்.

2006-இல் பொறுமை போய்விட்டது. கதையை நகர்த்தியாக வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து கேட்டார்கள். நான் முதல் தடவையாக அடைப்புக்குறிக்குள் ஒரு கோரிக்கை வைத்தேன். ((பையனுக்குக் காய்ச்சல் வரட்டும். ஆனால் விட்டுவிடட்டும். பிழைத்துக்கொள்ளட்டும்.)) சண்டை பிடித்துக்கொண்டது. மந்திரி சொன்னார், பையன் பிழைத்தால் அவனுடைய சித்தப்பன், ராஜாவின் தம்பி, பட்டத்துக்கு வர முடியாது, சித்தப்பன் வராவிட்டால் பாதிக் கதை இல்லை. தோழி சொன்னாள், ராணி மதில் மேல் நிற்கும் இடத்துக்காகத்தானே நாமெல்லாம் இங்கே வந்தோம். மட்டுறுத்துனர் கடைசியாக எழுதினார். ((தங்கள் தாயுள்ளம் புரிகிறது. ஆனால் மூலத்தை மாற்ற நாம் யார்?))

அவர்கள் சொன்னதெல்லாம் நியாயம். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. இரட்டை அடைப்புக்குறியைத் திறந்து, காரணத்தைத் தட்டினேன். தை மாதம், புதுச்சேரி, ஒரு பகல். தட்டி முடித்துப் படித்துப் பார்த்தேன். அனுப்பினால் என்ன நடக்கும் என்று தெரியும். ((ஐயோ, சகோதரி.)) பத்து இருபது பேர் அதையே எழுதுவார்கள். அப்புறம் இளவரசன் என்னிடம் யானையைப் பற்றிக் கேட்க மாட்டான், தயங்கித் தயங்கிப் பேசுவான். பையனைப் பிழைக்க வைப்பார்கள், சந்தேகமில்லை. எனக்கு மருந்து கொடுப்பதுபோல வைப்பார்கள். அது வேண்டாம் என்று அழித்துவிட்டேன்.

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. இளவரசனாக எழுதுகிறவரையே கேட்பது. அவர் காய்ச்சலில் படுத்தால்தானே பையன் சாவான். சாட்டில் அவரைப் பிடித்தேன். சாட்டில் ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டுவோம். காய்ச்சல் காட்சியைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று கேட்டேன்.

"எவ்ளோ நாளைக்கும்மா?"

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

பதில் வரி வரியாக வந்தது.

"தப்பா எடுத்துக்காதம்மா. எனக்கு வயசு அறுபதுக்கு மேல ஆச்சு. ரிட்டையர் ஆன ஆளு. ரெண்டு வருஷமா எட்டு வயசுப் பையனா இருக்கேன். யானை ஏன் ஆடுதுன்னு கேட்டுக்கிட்டு. எங்க வீட்டம்மா சிரிக்கிறாங்க."

"ரொம்ப நல்லா எழுதறீங்க ஐயா. வேற யாராலயும் அப்படி எழுத முடியாது."

"அது சரிம்மா. ஆனா இப்ப சேனாதிபதி காலி. அந்தத் தம்பி வேலை மாறிப் போயிட்டாரு. சின்ன வயசுலேருந்து எனக்குச் சேனாதிபதின்னா உசிரு. என் பாத்திரம் உசிரோட இருக்கற வரைக்கும் நான் மனுப் போட முடியாதே. வேற ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க. பையன் சீக்கிரம் போய்ச் சேந்தான்னா எனக்குக் கெடைச்சிரும்."

பையன் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மானிட்டரைத் தூக்கிச் சாலையில் போட்டிருக்கலாம். இரண்டு வருடமாக 'கண்ணே, கண்ணே' என்று நான் எழுதியதெல்லாம், எப்போது சாவோம் என்று காத்திருந்த ஒரு கிழவருக்கு. அதே நேரம் அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. ராணியாகவேண்டும் என்று எனக்கு எப்படி ஆசை இருந்ததோ அப்படித்தான் அவருக்கும். பையன் பாத்திரத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு வாருங்களேன் என்று கேட்டுப் பார்த்தேன். பாதியில் விட்டவர்களுக்கு ஒரு வருடத்துக்கு வேறு பாத்திரம் கிடையாது, அது விதி என்றார். சரி ஐயா என்றேன்.

அடுத்த வாரம் இளவரசனுக்குக் காய்ச்சல் கண்டது. நான்கைந்து மடல்தான். "அம்மா, குளிருகிறது." "அம்மா, யானைக்குட்டிக்கு யாராவது கரும்பு கொடுத்தார்களா?" நன்றாகத்தான் எழுதினார், படுபாவி மனிதர். நான் ஈரத்துணி போட்டேன், கஷாயம் கொடுத்தேன், வைத்தியரை வரவழைத்தேன். வைத்தியராக எழுதியவர் மூலத்தில் இருந்தபடியே உதட்டைப் பிதுக்கினார். ஒரு வியாழக்கிழமை காலை கடையைத் திறந்து மெயிலைப் பார்த்தபோது பையன் போய்விட்டிருந்தான். அடுத்த மடல் ராணியுடையது. எல்லோரும் அதற்காகக் காத்திருந்தார்கள்.

ராணி அழ மாட்டாள் என்பது எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கமே எனக்கு மனப்பாடம். தெரிந்தேதான் எழுதினேன். ஷட்டரைப் பாதி இறக்கினேன். ரிசல்ட் பார்க்க வந்த ஒருவரை நெட் வரவில்லை என்று திருப்பி அனுப்பினேன். என் வாழ்க்கையில் அதுவரை கட்டாத பாட்டை எல்லாம் கட்டினேன். தலை நிறைய முடியோடு வந்தவனே என்று எழுதினேன். எட்டு வயதுப் பிள்ளையின் தாய்க்குப் பால் ஏது? ஆனாலும் பால் கட்டியதை எழுதினேன், பூ வைத்துக் கட்டியதை எழுதினேன். எந்த வரப்பின் கீழே உன்னை வைத்தார்கள், எதை மிதிக்காமல் நான் நடப்பேன் என்று எழுதினேன். உப்பு விளைகிற மண்ணில் வைத்தார்களே, உன் கண் எரியாதா என்று எழுதினேன். திருத்தவில்லை, திரும்பப் படிக்கவில்லை. அனுப்பிவிட்டு மேஜை மேல் தலையை வைத்துக்கொண்டேன். முதல் தடவையாக மூச்சு முழுசாக உள்ளே போய் வெளியே வந்தது.

மறுநாள் காலை மட்டுறுத்துனரின் மடல் இருந்தது. ((அன்புச் சகோதரி, அற்புதமான எழுத்து. நானே கலங்கிவிட்டேன். ஆனால் மூலத்தில் ராணி அழவில்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மேலும் கோட்டை மலை மேல் இருக்கிறது, வரப்பும் உப்பும் எங்கிருந்து வரும்? மடலைக் குழுவிலிருந்து நீக்கியிருக்கிறேன். வருந்த வேண்டாம். திருத்தி அனுப்பினால் கதை நகரும்.))

குழுவின் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இளவரசனின் கடைசி மடலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அத்தையாவது பயந்துபோய் வாயைப் பொத்தினார். இவர் மரியாதையாகப் பொத்தினார். எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை. யாரோடு சண்டை போடுவது, அவர் சொல்வதில் ஒரு தப்பும் இல்லையே. நகை பூட்டிக்கொண்டேன். மதில் மேல் ஏறினேன். கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் நின்றேன். எழுதி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பாராட்டு வந்து கொட்டியது. இதுதான் எங்கள் ராணி என்றார்கள். எதிரி அரசன்கூடத் தலை வணங்கினான்.

கிழவருக்குச் சேனாதிபதி கிடைத்துவிட்டது. ராணியின் முன் மண்டியிட்டு வாளை வைத்து அவர் எழுதிய முதல் மடல் கம்பீரமாக இருந்தது. அதே நாளில் எனக்குத் தனியாகவும் ஒன்று எழுதியிருந்தார், அடைப்புக்குறிக்குள்.

((அம்மா, நீ முதல்ல எழுதினதை எடுக்கறதுக்கு முன்னாடியே நான் பிரிண்ட் போட்டு வெச்சிருந்தேன். எங்க வீட்டம்மா படிச்சாங்க. படிச்சிட்டு, இந்தப் பொண்ணுக்கு யாரு போனதுன்னு கேட்டாங்க. கதைக்கு எழுதினதுன்னு சொன்னேன். இல்ல, கேளுங்கன்னு சண்டை பிடிக்கறாங்க. ரெண்டு நாளா என்னோட பேசல. தப்பா இருந்தா மன்னிச்சுக்கோ. அப்படி யாராச்சும் இருந்தாங்களாம்மா?))

ஒன்றரை வருடமாக யாராவது ஒருவர் கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். வீட்டுக்காரர் கேட்கவில்லை. எங்கள் அம்மா கேட்கவில்லை. நர்ஸ் கேட்கவில்லை. இப்போது ஊர் தெரியாத, முகம் தெரியாத ஒரு அம்மாள் கேட்கிறார், அவருடைய புருஷன் வழியாக, என் மகனாக இருந்த மனிதர் வழியாக. பதில் எழுதும் இடத்தைத் திறந்தேன். 'ஆமாம்' என்று தட்ட ஒரு நொடி ஆகும். அடுத்து என்ன கேட்பார்கள் என்று நினைத்தேன். பேர் என்ன என்று கேட்பார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

இல்லை ஐயா, எல்லாம் கற்பனைதான் என்று எழுதி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "அப்பாடா. நிம்மதியா இருக்கும்மா. எங்க வீட்டம்மாகிட்டச் சொல்லிடறேன்."

அதற்குப் பிறகு வேறு யாரும் என்னைக் கேட்கவில்லை.